கை ஆடிய படம்

டெலிபோனம்மாவுக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். மருத்துவமனைக்கு வருகிற அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் வேலை என்பதால் அந்தப் பெயர். பொத்தானை அமுக்கும்போது விரல் லேசாகத் தந்தி அடிக்கும். ஆனாலும் அழைப்பு போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். தொந்தரவெல்லாம் கேமராவில்தான். புகைப்படச் சங்கத்தில் அவள் படம் திரையில் விழுந்ததுமே, "கை ஆடிடுச்சு" என்று பின்வரிசையில் யாராவது உச்சுக்கொட்டுவார்கள்.

எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பிக்கு அந்தக் கேமராவின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"அக்கா, உனக்கெதுக்கு இந்த வம்பு? எங்கிட்ட குடு. கடை விளம்பரத்துக்காவது ஆகும்."

"வர்ற சங்கத்துக் கண்காட்சில என் படம் தொங்கலைன்னா எடுத்துக்கோ."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் என்ன நீயா?"

சொன்ன கையோடு வேலையில் இறங்கினாள். கையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டாள். ஆடுகிற கை ஆடட்டும். கேமரா ஆடாமல் இருந்தால் சரி. கேமராவைத் தாங்கும் பழைய மூன்றுகால் ட்ரைபாட் ஒன்றை வாங்கினாள். காற்றுக்கு அசையாமல் இருக்கட்டும் என்று அதன் நடுக்கொக்கியில் கனமான பையைத் தொங்கவிட்டாள். பை ஊஞ்சலாடிக் காரியத்தைக் கெடுத்தது. பிறகு பை தரையைத் தொடும்படி கயிற்றை நீட்டினாள். அப்போதும் பொத்தானைத் தொட்ட விரல் கேமராவை உலுக்கியது. டைமரை இரண்டு நொடிக்கு வைத்தாள். விரல் ஒதுங்கிய பிறகுதான் படம் விழும். பிறகு விரல் தந்தி அடித்தால் என்ன, தாளம் போட்டால் என்ன?

மருத்துவமனை மொட்டைமாடியில் சலவைக்கார அண்ணன் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக் காயப்போடுவார். மனிதர் தெளிவாக நிற்க, விரிப்பு மட்டும் புகையாய்ப் பறக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மேகம் மூடிய ஒரு காலையில், அசைகிறது மட்டும் கலங்கி விழும்படி ஷட்டரை மெதுவாக வைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"அண்ணே, நான் 'ம்' சொன்னதும் உதறுங்க. தலை மட்டும் அசையக் கூடாது."

"எப்படிம்மா? வீட்ல தலையாட்டி ஆட்டியே பழகிட்டேன்."

அன்று வந்ததெல்லாம் குப்பை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் விரிப்பு வெள்ளைப் புகையாக எழும்பியது; அண்ணன் முகம் சிலையாக நின்றது.

தேர்வுக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் படத்தைக் கையில் எடுத்தார். தனியார் கல்லூரி ஒன்றில் கணக்கு ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் முடிவெடுத்துவிட்டுத்தான் பார்ப்பார்.

"கை ஆடிடுச்சும்மா."

"ஆடுச்சு. கேமரா ஆடலை. பின்னாடி செங்கல் சுவரைப் பாருங்க சார். கேமரா ஆடியிருந்தா சுவரும் சேர்ந்து கலங்கியிருக்கணும். கலங்கினது விரிப்பு மட்டும்தான். ஏன்னா அசைஞ்சது அது மட்டும்தான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்தார். படம் தேர்வானது.

கண்காட்சி நாளன்று தம்பியோடு போனாள். எல்லாப் படத்தின் கீழும் சின்ன அட்டை. அதில் லென்ஸ் எது, ஷட்டர் எவ்வளவு என்ற விவரம். அவள் படத்துக்குக் கீழே மட்டும் பெரிய எழுத்தில், "நடுங்கும் கைகளின் தளராத நம்பிக்கை".

"சார், இது என்ன?"

"நல்லதுக்குத்தாம்மா. படிக்கிறவங்க அப்படியே உருகிடுவாங்க."

"அவங்க உருகறதுக்கு என் கை என்ன அடுப்பா? மத்தவங்களுக்கு ஷட்டர் விவரம், எனக்கு மட்டும் வைத்தியச் சீட்டா? எடுத்துடுங்க."

"சிறப்பு விருந்தினர் கிளம்பிட்டாரும்மா. அவர்கிட்ட இதைச் சொல்லித்தான் வரச் சொன்னேன்."

டெலிபோனம்மா படத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். தம்பி பதறிப்போய் அவள் காதருகே குனிந்தான்.

"அக்கா, பேசாம விடு. அட்டையை யாரு படிக்கப் போறா? இறக்கினா கேமரா போயிடும், தெரியும்ல?"

"தெரியும். எடுத்துக்கோ. படம் இப்படித் தொங்கறதுக்குப் பதிலா, கேமரா உன் கடையிலயே கிடக்கட்டும்."

படத்தின் பின்கம்பி, ஆணியில் மாட்டிக்கொண்டு கடகடவென்று சத்தம் போட்டது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உதவிக்கு நீண்ட செயலாளரின் கையை, "வேணாம்" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினாள். நேரம் பிடித்தது. பிடிக்கட்டும் என்று நிதானமாகவே கழற்றினாள். படம் இறங்கியது.

சுவர் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. வாசலில் கார் கதவு சாத்தும் ஓசை. செயலாளர் வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு பெரிய எழுத்து அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"சரி, என்ன எழுதணும்? சொல்லுங்க, சீக்கிரம்."

"ஷட்டர் 1/15 நொடி. எஃப் 16. டைமர் ரெண்டு நொடி. ட்ரைபாட்."

அவர் மளமளவென்று எழுதி நீட்டினார். அவள் படத்தை மார்போடு அணைத்தபடியே குனிந்து படித்தாள்.

"'ட்ரைபாட் உதவியுடன்'னு எழுதியிருக்கீங்க. பக்கத்துப் படத்துலயும் ட்ரைபாட்தான். அங்க உதவின்னு இல்லையே?"

செயலாளர் அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்தார்.

"அடிச்சது வேணாம் சார்," என்றாள். "புது அட்டை எடுங்க."