மருந்தடிக்காத தேயிலை

கொழுந்தைக் குத்திச் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசுவை, விஷமருந்து இல்லாமலே ஒழித்துவிடலாம் என்று ஸ்ரீவித்யா நம்பினாள். கொசுவின் உடம்பில் படர்ந்து அதைக் கொல்லும் பூஞ்சை ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்து, குற்றாலத்துக்கு மேலே மலை எஸ்டேட்டில் ஒரு துண்டு நிலத்தில் தெளித்து வந்தாள். வேறெந்த மருந்தும் அங்கே படக்கூடாது என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை.

அன்று காலை அந்தத் துண்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மஞ்சு, கூடையோடு செடிமேல் சாய்ந்தாள்.

"என்னமோ செய்யுது மேடம். கண்ணு மங்குது."

வேர்வை ஊற்றியது. வாயோரம் எச்சில் வழிந்தது.

ஸ்ரீவித்யா கூடையை விலக்கி அவளைத் தாங்கிப் பிடித்தாள். என் பூஞ்சையா? எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லையே?

சூப்பர்வைசர் ஆவுடையப்பன் ஜீப்பை எடுத்தார். பின்சீட்டில் மஞ்சுவின் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள் ஸ்ரீவித்யா. சாரல் சீசன். குற்றாலத்தில் அருவிக்கு வந்த வேன்கள் வழியை அடைத்து நின்றன. ஆவுடையப்பன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மஞ்சுவின் மூச்சு கரகரத்தது. ஸ்ரீவித்யா அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது.

பூஞ்சை இதைச் செய்யாது. இது பூச்சிமருந்து. அது தெரிந்ததும் பயம் கூடத்தான் செய்தது.

"அண்ணாச்சி, என் துண்டுல மருந்தடிச்சது யாரு?"

"யாரும் அடிக்கலியே மேடம்." அவர் திரும்பவில்லை.

"பொய் சொல்லாதீங்க. இவ செத்துருவா."

ஹாரன் சத்தம் நின்றது. "நேத்து நாந்தான் அடிச்சேன். அங்கன கொசு தங்கிட்டுன்னா எஸ்டேட்டு முழுக்கப் பரவிருமேன்னு பயந்துட்டேன். ராத்திரி மழையில கழுவிப் போயிரும்னு நெனச்சேன் மேடம்."

மருந்தின் பெயரையும் சொன்னார். அவள் உடனே தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அதைச் சொன்னாள். அடுத்து ஃபேக்டரிக்கு: "இன்னிக்குப் பறிச்ச இலைய உள்ள எடுக்காதீங்க!"

வாசலிலேயே டாக்டர் காத்திருந்தார். ஊசி போட்டார்கள், உடுப்பை மாற்றி உடம்பைக் கழுவினார்கள். ஸ்ரீவித்யாவும் கையைக் கழுவினாள். சோப்பு போட்டு எத்தனை முறை தேய்த்தும் போதவில்லை என்றே தோன்றியது.

சாயங்காலம் மஞ்சு கண் விழித்தாள்.

"உங்க பூஞ்சையா மேடம்?"

"இல்ல தாயி," என்றார் கட்டிலோரம் நின்ற ஆவுடையப்பன். "நான் அடிச்ச மருந்து."

மஞ்சு அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஸ்ரீவித்யாவிடம், "மறுபடியும் ஆரம்பிப்பியளா மேடம்?" என்றாள்.

"ஆரம்பிக்கணும் மஞ்சு. இல்லன்னா இந்த விஷத்தைத்தான் அடிச்சுட்டே இருப்பாங்க."

"எனக்கு அங்கன வரப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் ஸ்ரீவித்யா.