இரண்டரை அடி

வலது தோளுக்குள் யாரோ ஆணி அறைவது போலிருந்தது. பெரியநாயகசாமி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி அறையின் கூரைத் தளத்தின் மேலேயே உட்கார்ந்தார். முப்பத்தாறு வருஷமாக ஊருக்கு வீடு கட்டிய கொத்தனார் தோள். சொந்த வீட்டை இடிக்க இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. விடிந்ததிலிருந்து அடித்ததில் மூலையில் ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குத்தான் பெயர்ந்திருந்தது. அவரே நின்று போட்ட கலவை அது. பாத்தி கட்டி இருபத்தோரு நாள் தண்ணீர் நிறுத்திய தளம். வேறு எவனாவது போட்டிருந்தால் இந்நேரம் பாதி விழுந்திருக்கும்.

தப்பும் அவருடையதுதான். இந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் முதலில் மண் அடிப்பான். ரெண்டாயிரத்து ஐந்தில் கொள்ளிடத்துத் தண்ணீர் வந்தபோது பழைய கூரைவீட்டுக்குள் மார்பளவு நின்றது. அதனால் மனையை நாலு அடி மேடாக்கி, அதன்மேல் கடைக்கால் எடுத்தார். கொத்தனாருக்கு அஸ்திவாரம் தொடங்குகிற இடம்தான் தரை. அங்கிருந்து அளந்து, உயரம் இருபத்தொன்றரை அடி என்று கட்டட அனுமதி மனுவில் எழுதிக் கொடுத்தார். கிராமத்து மனையில் இருபத்துமூன்று வரை கட்டலாம். ஒன்றரை அடி மிச்சம் விட்டிருக்கிறோம் என்று மனைவி மரியபுஷ்பத்திடம் பெருமைகூடப் பேசினார்.

அளக்க வந்த இன்ஜினீயர் மேட்டில் ஏறவே இல்லை. பக்கத்து வயலில் இறங்கி, அங்கே டேப்பின் நுனியை வைத்தார். இருபத்தைந்தரை.

"மேடு நீங்க போட்டது பெரியவரே. சட்டத்துக்கு வயல்தான் தரை."

"மேடு போடலேன்னா தண்ணி உள்ள வந்துடுமே சார்."

"வரும். அது வேற டிபார்ட்மென்ட்."

"ரெண்டரை அடிதான சார் கூட."

"கொத்தனார்தான நீங்க? தளத்த ரெண்டரை அடி எறக்கி வைக்க முடிஞ்சா சொல்லுங்க, இப்பவே எழுதிட்டுப் போறேன்."

முடியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும். தளத்தை உடைத்து, சுவரைக் குறைத்து, மறுபடி போடலாம். அதற்கு மகன் ரெஜின் குவைத்தில் இன்னொரு ஏழு வருஷம் வெயில் குடிக்க வேண்டும். மெயின் ரோட்டில் மூன்று மாடிக் கல்யாண மண்டபம் நிற்கிறதே என்று கேட்டதற்கு, அதன்மேல் யாரும் புகார் மனுக் கொடுக்கவில்லை என்றார் இன்ஜினீயர். கையிலிருந்த ஃபைலைத் திருப்பிக் காட்டினார். உங்கள் வீட்டின் மேல் வந்திருக்கிறது. கீழே கையெழுத்து, தெருக்கோடி பஞ்சநதத்துடையது. முப்பது நாளுக்குள் மாடித் தளத்தை இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸே ஆள் வைத்து இடிக்கும், செலவு வீட்டுக்காரனுடையது என்று நோட்டீஸ் வந்தது. இன்றைக்கு இருபத்தாறாவது நாள்.

மரியபுஷ்பம் நீராகாரச் செம்போடு படியேறி வந்தாள். செம்பை வைத்துவிட்டு, பெயர்ந்த இடத்தைப் பார்க்காமல் வயல் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"குவைத்துலேருந்து தம்பி பேசுனான்."

"என்ன சொன்னான்?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டானாம்."

பெரியநாயகசாமி செம்பை எடுக்கவில்லை. அந்த மாடி அவனுக்காகக் கட்டியது. எனக்குன்னு ஒரு கதவு இருந்தா வந்துடுறேம்ப்பா என்று போன கிறிஸ்துமஸுக்குப் போனில் சொல்லியிருந்தான். கதவு வாங்கி மாட்டியாகிவிட்டது. பர்மா தேக்கு.

"கோவப்பட்டானா?"

"இல்லீங்க. அதான் பயமா இருக்கு. அம்மா சாப்ட்டியான்னு கேட்டுட்டு வச்சுட்டான்."

அவள் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் படியில் மறுபடி காலடி கேட்டது. பஞ்சநதம். தோளில் சொந்தச் சம்மட்டி. தலையில் துண்டு.

"தள்ளுங்க மேஸ்திரி."

"மனுவும் போட்டுட்டு, இடிக்கவும் வந்துட்டியா?"

"நாந்தான் போட்டேன். வந்து அளப்பான், நாலு கேள்வி கேப்பான், நீங்களும் ரெண்டு நாளைக்குத் தூங்காம கெடப்பீங்கன்னு நெனச்சேன். இப்படி இடிக்கச் சொல்லுவான்னு கண்டனா?"

"உனக்கு நான் என்னடா பண்ணுனேன்?"

பஞ்சநதம் நாலு அடி அடித்தான். ஐந்தாவது அடிக்குக் கம்பி தெரிந்தது. சம்மட்டியை ஊன்றி நின்றான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டுக்குத் தளம் போட்டாலும் வீட்டுக்கு ஒரு ஆள் கூலியில்லாமல் வருவான். அவன் வீட்டுத் தளத்துக்கு இவன் போய் அந்த நாளைத் திருப்ப வேண்டும். இந்த மாடிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். பஞ்சநதம் பொழுதுக்கும் கலவைச் சட்டி ஏற்றினான். ஆனால் அவன் வீட்டுத் தளத்தன்று பெரியநாயகசாமி மயிலாடுதுறையில் ஒரு கடைக் கட்டடத்தில் நின்றார். அன்றைக்கு அங்கே இரட்டைச் சம்பளம். தேக்குக் கதவுக்கு முன்பணம் வேண்டியிருந்தது.

"கொத்துக்கரண்டி புடிக்க ஆளில்லாம பாதியோட நிறுத்துனோம். மறுநா மீதியப் போட்டோம். ஒட்டுப் போட்ட எடத்துல இப்ப ஒழுவுது. மழ பேஞ்சா அமிர்தம் கட்டில இழுத்துக்கிட்டே திரியுறா."

"அதுக்குத்தான் ஒரு நா கூலியக் குடுத்தனுப்புனேனேடா."

"குடுத்தீங்க. அமிர்தம் கையில. நா உங்க வீட்டுக்குக் கூலிக்கா வந்தேன்?"

அந்தப் பணத்தை அவன் மனைவி அமிர்தம் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து மரியபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டுப் போனது பெரியநாயகசாமிக்குத் தெரியும். நல்லதாய்ப் போயிற்று என்றுதான் அன்றைக்கு நினைத்தார்.

பஞ்சநதம் அடித்தான். இவர் இடது கையால் காரையைத் தள்ளினார். மத்தியானம் மரியபுஷ்பம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தாள்.

"தளம் போட்டன்னக்கி ஆட்டுக்கறி போட்டீங்கக்கா," என்றான் பஞ்சநதம். யாரும் சிரிக்கவில்லை. அவன் இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றான்.

பொழுது சாயும்போது பாதித் தளம் போயிருந்தது. மீதி நாளைக்கு என்று சொல்லிவிட்டு அவன் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பெரியநாயகசாமி அறைக்குள் வந்து நின்றார். தலைக்குமேல் வளைந்த கம்பிகள், அவற்றுக்கு மேலே வானம். காரைக் குவியலுக்கு அப்பால் தேக்குக் கதவு பாலிஷ் கலையாமல் சாத்தியிருந்தது. வலது கையை உயர்த்திப் பார்த்தார். மார்புக்கு மேல் ஏறவில்லை.

தளம் போட்ட நாளும் இன்றைக்குமாக, பஞ்சநதத்துக்கு அவர் தர வேண்டிய வேலை இரண்டு நாள். நாளைக்கு அவன் வந்தால் மூன்று.