அத்தர் மணந்த ஈ-ரீடர்கள்

பதினொரு பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோன ஈ-ரீடர்களில் பத்து இரண்டு வாரத்தில் திரும்பி வந்தன. பத்திலும் அத்தர் மணந்தது.

அக்கீலா டீச்சர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். கீறல் இல்லை, அழுக்கு இல்லை. ஏற்றி வைத்த நாற்பது கதைப் புத்தகங்களில் ஒன்றில்கூட முதல் பக்கம் தாண்டப்படவில்லை.

கரைத்தீவுக்குப் போகும் வீதியோரம் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். தொண்ணூறில் போரின்போது மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களின் பிள்ளைகள்தான் அதில் பெரும்பாலும் படித்தார்கள். நூலகத்துக்கு அக்கீலா டீச்சரே பொறுப்பு. கொழும்பிலுள்ள ஒரு உதவி அமைப்பு பன்னிரண்டு ஈ-ரீடர்களைக் கொடுத்திருந்தது. கொண்டுவந்த ஜெமீல், "மூணு மாசத்தால வந்து பாப்பன் டீச்சர். பிள்ளைகள் வாசிக்காட்டி வேற பள்ளிக்குக் குடுக்க வேண்டி வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு ஹில்மி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டீச்சர், இதுல கேம் இல்லையா?"

"இல்ல மகன்."

"பாட்டு?"

"அதுவும் இல்ல. புத்தகம் மட்டும்தான்."

"அப்ப இது பாவம் டீச்சர்" என்றான். நூலகமே சிரித்தது.

நிஃப்லா மட்டும் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் அவளுக்குக் கண்ணாடி போட்டும் சரிவராத பார்வை. அச்செழுத்து எறும்பு வரிசையாகத் தெரியும். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் காதால் கேட்டே அதுவரை வகுப்பேறி வந்திருந்தாள். டீச்சர் அவள் கையிலிருந்ததில் எழுத்தைப் பெரிதாக்கினார், ஒரு வரிக்கு நாலு சொல் மட்டும் நிற்குமளவுக்கு. அவள் ஒரு பக்கம் வாசித்தாள், பிறகு இன்னொன்று. மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு நாளும் எல்லாரும் இப்பிடித்தான் வாசிச்சாங்களா?"

அந்தக் கேள்வி டீச்சரின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஜெமீல் வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் மற்றப் பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். நிஃப்லா மறுபடியும் எறும்புகளோடு இருக்க வேண்டும்.

அவளுடையதுதான் திரும்பி வராத பதினோராவது. ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்கு டீச்சர் போனார்.

தாய் அலீமா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தார். குதிகால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"வாங்கோ டீச்சர், கதிரையில இருங்கோ. மகள், டீச்சருக்குத் தேத்தண்ணி ஊத்து. அந்தச் சாமானத் தேடியா வந்தீங்க? பத்திரமா வச்சிருக்கன்."

அலீமா காட்டிய இடத்தில், அலுமாரியின் மேல்தட்டில், பச்சை வெல்வெட் துணியில் சுற்றியபடி இருந்தது ஈ-ரீடர். துணியில் அத்தர் மணந்தது.

"நிஃப்லா வாசிக்கிறாளா?"

"கேக்கிறாள் டீச்சர். முகம் கை கால் கழுவி ஒளு எடுத்துட்டு வா, தாறன் எண்டு சொல்லுவன். ஒருநாள் படுத்துக்கிட்டு வாசிச்சாள், நல்லா ஏசிட்டன். அல்லாஹ்ட கலாம் இருக்கிற சாமானப் படுக்கையில வைக்கலாமா? மாசத்துல அந்த நாளுகள்ல தொடவும் உடுறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "அதோட, அதுக்குள்ள ஒரு பேய்க்கதையும் இருக்காம். கலாமும் பேயும் ஒரே பெட்டிக்குள்ளயா டீச்சர்? எனக்கு நித்திரையே வரல்ல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அது அவர் செய்த வேலை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "இதுக்குள்ள கண்டதெல்லாம் வராதா?" என்று கேட்டபோது, அவர்களின் மனம் ஆறட்டும் என்று எல்லா ஈ-ரீடரிலும் முதலாவதாக வேத வசனங்களும் துஆ எனும் பிரார்த்தனைகளும் கொண்ட தொகுப்பொன்றை ஏற்றியிருந்தார். நல்லதைக் கொண்டு தொடங்கினால் எல்லாம் நல்லதாகவே நடக்கும் என்று நம்பினார். மற்றப் பத்து வீட்டிலும் இப்படியே துணியில் சுற்றி, அத்தர் பூசி, கைக்கெட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். யாரும் தவறு செய்யவில்லை. மரியாதை செய்திருக்கிறார்கள்.

"வசனம் திரையில தெரியாத நேரம் ஒளு தேவையில்ல எண்டு பள்ளிவாசல் மௌலவி சொன்னாரே" என்றார் டீச்சர்.

"அது சட்டம் டீச்சர். மரியாதை வேற தானே."

அந்த மரியாதையை எதிர்த்து வாதாட டீச்சருக்கு விருப்பமில்லை. "அப்ப இதுல இருந்து அத எடுத்து விடுறன்" என்றார்.

"அழிக்கிறதா? அஸ்தஃபிருல்லாஹ்!"

அலீமா அலுமாரியின் மேல்தட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எடுக்க முந்தி நான் ஒருக்காப் பாக்கட்டா?"

ஒளு எடுத்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து பாயில் அமர்ந்தார். டீச்சர் தொகுப்பைத் திறந்து கொடுத்தார். அலீமா அதை மூக்குக்கு அருகே கொண்டுபோனார், சற்றுச் சரித்தார், ஒரு கண்ணை இடுக்கினார். நிஃப்லா முதல் நாள் செய்ததும் இதையேதான்.

"பாத்து ஓதி எவ்வளவு காலம்?" என்று மெல்லக் கேட்டார் டீச்சர்.

"மனப்பாடமானத ஓதுவன். பாத்து ஓதி... ஏழெட்டு வருஷம் இருக்கும்."

கதவோரம் நின்ற நிஃப்லா முன்னால் வந்தாள். "உங்களுக்கும் எறும்பு மாதிரியா உம்மா? ஏன் சொல்லல்ல?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றார் தாய்.

டீச்சர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அலீமாவின் கை அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. அலீமா ஓதத் தொடங்கினார். முதலில் முணுமுணுப்பாக, பிறகு குரலெடுத்து. இரண்டாவது வசனத்தோடு நிறுத்தினார். தலைத்துணியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துவிட்டு ஈ-ரீடரை மகளிடம் நீட்டினார்.

"இது புள்ளைக்கு வந்தது. அவள் வாசிக்கட்டும்."

டீச்சரின் கைப்பைக்குள் பன்னிரண்டாவது இருந்தது. அவருடைய மேசைக்கென்று வைத்திருந்தது. மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் என்பது விதி. அதை மீறியது தெரிந்தால் ஜெமீல் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது. ஆனாலும் எடுத்தார். தானும் ஒளு செய்துவிட்டு வந்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, அதிலிருந்த கதைகளையெல்லாம் நீக்கித் தொகுப்பை மட்டும் விட்டார். நிஃப்லாவினுடையதிலிருந்து தொகுப்பை நீக்கினார்.

"இது அழிக்கிறதில்ல அலீமா. வேற தட்டுக்கு மாத்துறது."

"ஓம் டீச்சர்" என்றார் அலீமா. பச்சைத் துணியைப் பன்னிரண்டாவதுக்குச் சுற்றினார். நிஃப்லா தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் குப்புற விழுந்தாள். தாய் ஏசவில்லை.

மற்றப் பத்திலிருந்தும் டீச்சர் தொகுப்பை நீக்கினார். தொகுப்பைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வீட்டுக்கொன்றாக அனுப்பினார் பள்ளி அதிபர் ஹமீட். பிறகு ஈ-ரீடர்கள் அத்தர் மணக்காமல் வந்தன. ஒன்றில் மீன் மணந்தது. இன்னொன்றில் யாரோ சாப்பிட்ட பாணின் துகள் ஒட்டியிருந்தது. பேய்க்கதையை ஏழு பேர் முடித்திருந்தார்கள், அதில் ஹில்மியும் ஒருவன்.

சொன்னபடியே மூன்று மாதம் கழித்து ஜெமீல் வந்தார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். மேசையில் இருந்தவற்றோடு நிஃப்லாவின் கையிலிருந்ததையும் சேர்த்து எண்ணினார்.

"பதினொண்டுதான் இருக்கு டீச்சர். மற்றது?"

பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அக்கீலா டீச்சர் நிஃப்லாவைப் பார்த்தார். ஜன்னலோரம் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்ததும் அந்த எண்ணிக்கையில் ஒன்று. பொய்யின் மேல் அதை வைக்க டீச்சருக்கு மனம் வரவில்லை. பதிவின் கடைசி வரியைக் காட்டினார். உறுப்பினர்: அலீமா. வகுப்பு என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஆர் இது? எந்த வகுப்பு?"

டீச்சர் நடந்ததைச் சொன்னார். ஜெமீல் அந்த வெறும் கட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

கூட இருந்த அதிபர் ஹமீட் குறுக்கிட்டார். "மன்னார்ல ஆறாம் வகுப்பு படிச்சுக்கொண்டிருந்த புள்ள சேர். தொண்ணூறுல வந்தாக்கள். அதோட படிப்பு நிண்டு போச்சு. இப்பதான் திரும்ப வந்திருக்கா. கொஞ்சம் பிந்திட்டா, அவ்வளவுதான்."

ஜெமீல் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். வெறுமையாக இருந்த கட்டத்தில் ‘6’ என்று எழுதி, அதன் கீழே தன் கையொப்பத்தையும் இட்டார்.

"பன்னிரண்டும் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் தடதடவென்று வகுப்புக்கு ஓடினார்கள். நிஃப்லாவுக்குக் கேட்கவில்லை. அவளை எழுப்பிவிடப் போன டீச்சர், பக்கத்தின் கடைசி நாலு சொல்லை அவள் வாசித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்றார்.