முப்பத்தைந்தில் ஒரு பங்கு ஹெலிகாப்டர்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் கதவைத் திறக்காத நாட்களில், நாரணாபுரம் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் யாரும் ரகசியம் வைத்துக்கொள்ள ஆசைப்படக் கூடாது. மற்ற மாதங்களில் காலை ஏழு மணிக்கே கம்பெனி வேன் ஏறிவிடும் பெண்கள் எல்லோரும் அப்போது வீட்டில் இருப்பார்கள். கைக்கு வேலை இருக்காது. கண்ணும் காதும் ஓவர்டைம் பார்க்கும். ஹெப்சிபா அந்த மாதமாகப் பார்த்து, அதுவும் எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வியின் ஜன்னலுக்கு நேராக, ஹெலிகாப்டர் வாங்கும் யோசனையில் இறங்கினாள்.

நிஜ ஹெலிகாப்டர் இல்லை. பொம்மை என்றால் அவளுக்குக் கோபம் வரும். மாடல் கிட் என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக வரும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, ராவி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் அசலை அப்படியே சுருக்கிய மாதிரி ஒன்று கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மஸ்கட்டில் நர்ஸாக இருந்த ஆறு வருடத்தில், ஹாஸ்டல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதினோரு விமானம் செய்தவள் ஹெப்சிபா. எல்லாம் அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஆபரேஷன் தியேட்டரில் பழகிய கை. எள்ளு மாதிரித் துண்டைக்கூட மூச்சை அடக்கி ஒட்டிவிடுவாள்.

அப்புறம் ஜெபசுந்தரோடு கல்யாணம், அப்புறம் மகன் ராஜசிங், அப்புறம் விருதுநகர் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடத் தியேட்டர் வேலை. பிளாஸ்டிக் விமானத்துக்கு நேரமேது? போன மே மாதம் மூட்டுவலி என்று சொல்லி வேலையை விட்டாள். நாலு நாள் நிம்மதியாக இருந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து வீட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ராஜசிங் பஹ்ரைனில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவதாகவும், அம்மாவுக்கு என்ன வேண்டும் என்றும் ஃபோனில் கேட்டான். வளையல் என்று சொல்வாள் என்று நினைத்திருப்பான்.

"மாடல் கிட் ஒன்னு. பெரிய ஸ்கேல்ல."

அவன் சிரித்தான். பக்கத்தில் கடை இருக்கிறது, படம் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்லுங்கள், பெட்டி பெரிசு என்பதால் ஒன்றுதான் கொண்டுவர முடியும் என்றான். "ஏம்மா, நீங்க சின்னதுதான செய்வீங்க?"

"பெருசுன்னா பார்க்க நல்லாருக்கும்."

பொய். அவள் கை நடுங்கியது. எட்டு மாதமாக. தியேட்டரில் ஒருநாள் ஊசியில் நூல் கோக்கும்போது வலது கை லேசாக உதறியது. மறுவாரம் இடது கையும். மூட்டுவலி என்பதெல்லாம் ஊருக்குச் சொன்னது. அவளுடைய அப்பாவுக்கு இதே மாதிரி ஆரம்பித்துத்தான், கடைசி ஆறு வருடம் டம்ளரை இரண்டு கையால் பிடித்தும் பாதிக் காப்பி சட்டையில் போனது. அந்த உதறுவாதம்தான் தனக்கும் வந்திருக்கிறது என்று ஹெப்சிபா தானே முடிவு கட்டிவிட்டாள். தெருவில் யாருக்காவது தும்மல் வந்தாலே "போய் டெஸ்ட் எடு" என்று விரட்டுகிறவள், தன் கையை மட்டும் எந்த டாக்டரிடமும் நீட்டவில்லை. அதற்குப் பதில் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். பெரிய கிட் என்றால் துண்டுகளும் பெரிசாக இருக்கும். நடுங்கும் கைக்கும் அடங்கும். அதையும் செய்ய முடியவில்லை என்றால், அப்பாவின் வியாதிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியது. முப்பத்துமூன்று வருடம் நர்ஸாக இருந்தவள் கண்டுபிடித்த வைத்தியம் இது.

மகன் அனுப்பிய படங்களில் ஆஸ்பத்திரிக்காரர்கள் உபயோகிக்கும் மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று இருந்தது. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதைப் பார்த்ததும் அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"பொறு," என்றார் ஜெபசுந்தர். "டம்மி போடாம ஓகே சொல்லக் கூடாது."

அவர் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் முப்பது வருடமாக பைண்டிங் சூப்பர்வைசர். அங்கே எந்த ஆர்டர் வந்தாலும், முதலில் வெற்று அட்டையில் அதே அளவுக்கு ஒரு டம்மி வெட்டி ஒட்டிப் பார்ட்டியிடம் காட்டுவார்கள். பார்ட்டி தலையாட்டிய பிறகுதான் மெஷின் ஓடும். வீட்டுக்கு பீரோ வாங்கினபோதுகூட மனுஷன் அட்டையில் ஒரு பீரோ செய்து நிறுத்தி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தவர்.

புதன்கிழமை சாயங்காலம் பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் அட்டை வந்தது. ஒருபக்கம் முருகன், மறுபக்கம் வெள்ளை. இருபத்தோரு அங்குலத்துக்கு ஹெலிகாப்டரின் விசிறி இறக்கைகளை வெட்டி, நடுவில் ஆணி குத்தி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு பூராவும் நடந்தார். ஷோகேஸில் நுழையவில்லை. டிவி மேல் வைத்தால் ஃபேன் காற்றுக்குச் சுற்றியது.

கருவேப்பிலை வாங்கும் சாக்கில் பாண்டிச்செல்வி வாசலில் நின்றாள். அவள் வீட்டிலேயே கருவேப்பிலை மரம் நிற்கிறது.

"என்ன சார், கிறிஸ்துமஸ் ஸ்டாரா? அஞ்சு மூலை வேணும்ல? நாலுதான் இருக்கு."

"ஸ்டார் இல்ல. ஹெலிகாப்டர்."

பாண்டிச்செல்வி அண்ணாந்து அட்டையைப் பார்த்தாள். "சர்ச்சுக்கு அதுலயா வாராரு கிறிஸ்துமஸ் தாத்தா?"

"உங்க நர்ஸ் சிஸ்டருக்குத்தாம்மா. பொழுதுபோக்கு."

"ஓ," என்றாள் பாண்டிச்செல்வி. கருவேப்பிலையை மறந்து போய்விட்டாள். அன்றைக்கே குழாயடியில், நர்ஸம்மாவுக்குப் பொழுது போகாததால் சார் ஹெலிகாப்டர் கட்டிக் கொடுக்கிறார் என்று செய்தி போனது.

வியாழக்கிழமைதான் இடி விழுந்தது. ஹெலிகாப்டரை எப்படிக் கோப்பது என்று விளக்கும் தாள்களை ராஜசிங் அனுப்பியிருந்தான். ஜெபசுந்தர் பிரஸ்ஸில் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு துண்டு, ஹெப்சி. இங்க பாரு, பைலட் சீட்டுக்கு பெல்ட்டு. அந்த பெல்ட்டுக்குத் தனியா பக்கிள். சீரகம் கணக்கா இருக்கும் போல."

ஹெப்சிபா தாளை வாங்கிப் பார்த்தாள். பெரிசாகச் செய்கிறவன் சும்மா விடுவானா? சின்னதில் காட்ட முடியாத திருகாணி வரைக்கும் பெரிசில் காட்டியிருந்தான். அவள் செய்த பதினோரு விமானத்தில் ஒன்றில்கூட நூறு துண்டு தாண்டியதில்லை.

"இது வேண்டாம்," என்றாள். "அந்தக் குண்டு விமானம் போதும்."

குண்டு விமானம் என்பது மகன் அனுப்பிய இன்னொரு படம். அதுவும் பெரிய ஸ்கேல்தான். ஆனால் மொத்தம் நாற்பத்திரண்டு துண்டு, பசைகூட வேண்டாம், அழுத்தினால் சேர்ந்துகொள்ளும். பெட்டியிலேயே பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. அவளுக்கு அந்த விமானத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வாத்து மாதிரி இருந்தது.

ஜெபசுந்தர் தாளைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தார். "சரி, அதுக்கும் டம்மி போட்டுருவோம்," என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டையில் வாத்தின் இறக்கையை வரைந்துகொண்டிருந்தபோது பிரஸ்ஸிலிருந்து அவருக்கு ஃபோன். காலண்டர் சீசன், லோடு ஏறும் நேரம். காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, "இந்தக் கோட்டுலயே வெட்டிரு," என்று பிளேடை மனைவியிடம் நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பாண்டிச்செல்வி, இந்தத் தடவை சாக்கு எதுவும் இல்லாமலேயே, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஹெப்சிபா வெட்டினாள். பிளேடு கோட்டில் நாலு விரற்கடை போனது. அப்புறம் ரம்பப் பல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

ஜெபசுந்தர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். பாண்டிச்செல்விதான் வாயைத் திறந்தாள்.

"சிஸ்டர், தைராய்டு மாத்திரையைக் கூட்டினாகளா?"

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல, மின்ன நீங்க குப்பையில போடுற மாத்திரை டப்பாவுல வேற கலர் லேபிளு. இப்ப வேற கலரு. நாலு மாசமா நைட்டி கொடியில தொங்குன மாதிரி ஒங்க மேல தொங்குது. ராத்திரி மூணு மணிக்கு லைட்டு எரியுது. எங்க நாத்தனா இருளம்மாளுக்கும் இப்படித்தான். மாத்திரையக் கூட்டி எழுதுனாக, இவ அதையே வருசம் பூரா முழுங்குனா. கை ஆடி வெடிக்குத் திரி சொருக முடியல, போர்மேன் வீட்டுக்குப் போன்னுட்டாரு. பெறகு ரத்தம் எடுத்துப் பாத்து மாத்திரையக் கொறைச்சாக. போன சீசன்ல அம்புட்டுப் பேருக்கும் மின்னாடி தன் பங்கு வேலைய முடிச்சிட்டு உக்காந்திருந்தா."

"எங்க வீட்டுக் குப்பையைப் பார்க்கிறியா நீ?"

"கெடக்குது. கண்ணுல படுது."

மற்ற நேரமாக இருந்தால் ஹெப்சிபா அவளை அந்த அட்டையாலேயே அடித்திருப்பாள். இப்போது பிளேடைக் கீழே வைத்தாள். பல வருடமாக முழுங்கும் தைராய்டு மாத்திரையை பிப்ரவரியில்தான் டாக்டர் கூட்டினார். ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கணும் என்றார். மார்ச்சில் கை உதறியது. கை உதறியதும் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா ஞாபகம் வந்ததும் ரத்தப் பரிசோதனை ஞாபகம் போய்விட்டது.

கையை மடியில் சும்மா வைத்தாள். எட்டு மாதமாக அதைச் செய்துபார்க்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. அப்பாவின் கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். வேட்டியின்மேல் கட்டைவிரல் மாத்திரை உருட்டுவது மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கும். அவள் கை மடியில் தூங்குகிற பூனை மாதிரிக் கிடந்தது. நேரே நீட்டி, விரல்மேல் ஒரு காலண்டர் தாளை வைத்தாள். தாள் படபடத்தது. மறுபடி மடியில் வைத்தாள். அசைவில்லை. நீட்டினால் ஆடி, மடியில் நின்றுவிட்டால் அது உதறுவாதமில்லை என்று ஸ்டூடன்ட் நர்ஸுகளுக்கு அவளே எத்தனை தடவை செய்து காட்டிய சோதனை!

"எனக்கு எட்டு மாசமாத் தெரியும்," என்று புருஷனிடம் சொன்னாள். "உங்ககிட்டச் சொல்லல."

"எனக்கு ஆறு மாசமாத் தெரியும்," என்றார் ஜெபசுந்தர். "நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். உனக்கு முக்கால் டம்ளர் காப்பி ஊத்துறனே, எதுக்குன்னு நினைச்ச?"

"பால் விலை கூடிருச்சு, அதுக்குன்னு நினைச்சேன்."

பாண்டிச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சினிமாவுக்குப் போனால்கூட இவ்வளவு கிடைக்காது என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் லேப்பில் ரத்தம் கொடுத்தாள். சாயங்காலம் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவர் தாளைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், அவள் அப்பாவின் வியாதியைச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஆறு வாரத்துல வரச் சொன்னேனேம்மா?"

"ஆமா, சார்."

"நீங்க நர்ஸ்தானே?"

"ஆமா, சார்."

"உங்க அப்பாவுக்கு இருந்தது இது இல்ல. மாத்திரை ஜாஸ்தி, அவ்வளவுதான். பாதியாக் குறைக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமா நின்னுரும். ஆறு வாரத்துல திரும்ப ரத்தம் பார்க்கணும்." சீட்டை எழுதிவிட்டு, அதை ஹெப்சிபாவிடம் கொடுக்காமல் ஜெபசுந்தரிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஹெப்சிபாவுக்குப் பசித்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எண்ணெய் புரோட்டா நாலு சாப்பிட்டாள். ஜெபசுந்தர் இரண்டோடு நிறுத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பார்க்கிறீங்க?" என்றாள். "ஒன்னுமில்ல, சாப்பிடு," என்றார். அவருடைய கண்ணாடி ஏன் மங்கியிருந்தது என்று அவள் கேட்கவில்லை. சால்னாவின் ஆவி என்று வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ராஜசிங் கூப்பிட்டான். ஜெபசுந்தர் நடுவில் புகுந்தார். "இனிமே பெருசு எதுக்கு? நீ பழையபடி சின்னதே செய்யலாமே. ஷோகேஸ்ல நிக்கும்."

"ஹெலிகாப்டர்," என்றாள் ஹெப்சிபா.

"அது நானூத்திப் பன்னெண்டு..."

"தெரியும். மஸ்கட்டுல எங்க ஆஸ்பத்திரி மாடியில இதே மாதிரிதான் வந்து இறங்கும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு எத்தனையோ தடவை இதுக்கு அடியில ஓடியிருக்கேன். குனிஞ்சுதான் ஓடணும்; தலைமுடியெல்லாம் வாய்க்குள்ள போகும். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்ல, இது எப்படித்தான் இருக்கும்னு. அது எங்கெங்க திருகாணி வச்சிருக்குன்னு நான் பார்க்கணும்."

ஃபோனில் ராஜசிங் தயங்கினான். "சின்னச் சின்னதா நிறைய இருக்கும்மா. உங்களால முடியுமா?"

"இப்ப முடியாது. கை நடுங்குது," என்றாள். ஜன்னல் திறந்திருந்தது. எதிர்ஜன்னலும் திறந்திருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "மாத்திரை கூடிப்போச்சு, குறைச்சிருக்காங்க. நீ வந்து சேரும்போது பாதி நின்னிருக்கும். மீதி நிக்கிற வரைக்கும் பெரிய துண்டா ஒட்டிக்கிட்டு இருப்பேன். பக்கிளுக்கு என்ன அவசரம்? நான் எங்கயும் போகல."

எதிர்ஜன்னலில் பாண்டிச்செல்வியின் தலை மறைந்தது. இரண்டு நிமிடத்தில் குழாயடியிலிருந்து அவள் குரல் கேட்டது: நர்ஸம்மாவுக்கு ஒன்னுமில்லையாம், நான்தான் கண்டுபிடிச்சேன், டாக்டரே அசந்துட்டாராம். சாயங்காலத்துக்குள் மூன்று பெண்கள் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு வாசலில் வந்து நின்று, கையை நீட்டிக் காட்டி, "எனக்கும் ஆடுதா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். யாருக்கும் ஆடவில்லை. ஹெப்சிபா மூன்று பேரையும் உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தன் டம்ளரை ஜெபசுந்தரிடம் நீட்டி, நிறைய ஊற்றச் சொன்னாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. சிந்தட்டும் என்று விட்டுவிட்டாள்.