நீலமணி பதிந்த தப்சான்

வெள்ளிக்கிழமை, அண்ணனுக்கு நிச்சயித்திருக்கும் ஹுல்கரின் வீட்டார் வந்தால் உட்கார வைக்க எங்கள் முற்றத்தில் ஒழுங்கான தப்சான் இல்லை. கோடை பிறந்துவிட்டால் நாங்கள் சாப்பிடுவது, தேநீர் குடிப்பது, தூங்குவது எல்லாம் அந்த மரமேடை மேல்தான். பழையதன் கால் ஒன்று வசந்த மழையில் மட்கிப் போய், செங்கல் முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். சம்பந்தி வீட்டாரைச் செங்கல்லை நம்பி உட்கார வைக்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். புதிது வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்காமல் எனக்கு எதையும் வாங்கத் தெரியாது. ஒப்பிட்ட பிறகும் சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் போகாது. அண்ணன் எல்யோருக்கு ஹுல்கரைச் சொன்னதும் நான்தான். மாலை நேரத் தையல் வகுப்பில் அவள் என் பக்கத்து இருக்கை. துணியை வீணாக்காமல் வெட்டுவாள். சிரித்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். நான் சொன்னதை நம்பி, வந்த வேறொரு வரனை வேண்டாம் என்றாள். ரஷ்யாவில், கசானில் வேலை செய்யும் அண்ணன் தொலைபேசியில், "உங்க இஷ்டம்மா" என்றான். கோடைக்கு வருவதாகவும் சொன்னான். இரு வீட்டாரும் ரொட்டி உடைத்து நிச்சயம் செய்துகொண்டோம். எங்கள் பக்கம் ரொட்டியைப் பிடித்து உடைத்தவர் அப்பா. கிடைத்த பாதியை அம்மா துணியில் சுற்றி மாடத்தில் வைத்திருந்தாள். அதைத் திருப்பிக் கொடுத்தால் நிச்சயம் முறிந்தது என்று பொருள்.

மரச்சந்தையில் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. முதலில் இரும்புக் குழாயில் செய்தவற்றைப் பார்த்தேன். விலை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் கைப்பிடியைத் தொட்டதும் விரல் சுட்டது. அடுத்தது பைன் மரம். வார்னிஷ் பளபளத்தது, அடியில் குனிந்து பார்த்தால் வெடிப்புகளை மரத்தூள் பசையால் அடைத்திருந்தார்கள். கடைசியாகத் தச்சர் ஹம்தம் உஸ்தாவின் பட்டறை. அங்கே ஒன்று தனியாக ஓரத்தில் கிடந்தது. கால்கள் எல்ம் மரம், மேல்பலகைகள் பாப்ளர். நான்கு மூலையையும் பிடித்து ஆட்டினேன். தவழ்ந்து அடியில் போய்ப் பார்த்தேன். ஆணியே இல்லை, மர முளை அடித்த பொருத்துகள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன்.

"பொண்ணே, தூங்கிட்டா வாடகை வாங்குவேன்" என்றார் உஸ்தா.

"பாப்ளர் வெளியில தாங்குமா, உஸ்தா?"

"மழையில போட்டா நானும்தான் தாங்க மாட்டேன். பந்தலுக்குக் கீழ போடு, வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் பூசு. உன் பேரன் இதுமேல நின்னு குதிப்பான்."

"அப்ப ஏன் மத்ததைவிட மலிவு?"

"அடேயப்பா, மலிவா இருந்தாலும் குத்தமா? அந்த நடுப்பலகையைப் பாரு."

பலகையின் நடுவே மரத்தின் கண் போல ஒரு கருவட்டம். அதற்குள் பாதியாக அறுபட்ட நீலக் கண்ணாடி மணி. பக்கத்தில் பிறை போல ஒரு வெள்ளிக் கம்பி.

"யாரோ கண்ணு படக்கூடாதுன்னு மரக்கன்னுல கட்டியிருக்காங்க. மரம் வளந்து முழுங்கிடுச்சு. என் ரம்பத்துல பல்லு போச்சு. வர்றவங்க எல்லாம் அடுத்தவன் திருஷ்டியை நாங்க ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்னு கேக்கறாங்க."

பலகையின் உறுதிக்கும் மணிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குப் பட்டது. குறை மேலே தெரிகிறது, மெத்தை விரித்தால் மறைந்துவிடும். பைன் மரத்தின் குறை அடியில் ஒளிந்திருந்தது. இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. கை குலுக்கி முடித்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் திராட்சைப் பந்தலின் கீழ் இறக்கிவிட்டுப் போனார். அம்மா சுற்றி வந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே பர்னோ! நீ கடையையே புரட்டிப் போட்டுட்டு வெறுங்கையோட வருவேன்னு நினைச்சேன்."

ஈரத்துணியால் பலகைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். நடுப்பலகைக்கு வந்ததும் கை நின்றது. விரலால் அந்தக் கம்பியைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியொரு முகத்தை நான் அவளிடம் கண்டதில்லை.

"இது என் காதுல கிடந்தது."

எனக்குப் புரியவில்லை.

"எல்யோர் கையில கட்டின மணிடி இது. கயிறு அறுந்துடுச்சு. நூல்ல கட்டினா மக்கிடும்னு என் காது வளையத்தைக் கழற்றி அவன் மரத்துல கட்டினேன். ஒத்தை வளையம் இன்னும் பெட்டியில கிடக்கு."

அவன் மரம் என்றால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் நிலத்தில் நிற்கும் பாப்ளர் வரிசை. அண்ணன் பிறந்த வசந்தத்தில் அப்பா நட்டது. மகன் மணமுடிக்கும்போது வெட்டி அவன் வீட்டுக்கு உத்தரம் போட வேண்டிய மரங்கள். அந்த நிலத்துக்கு அப்பா மட்டும்தான் போய்வருவார். "உங்க மரம் எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "வானத்தைத் தொடுது" என்பார். சென்ற வாரமும் அப்படித்தான் சொன்னார்.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டேன்.

அப்பா ஒரு பை ஆப்ரிகாட்டுடன் வாசலில் நுழைந்தார். தப்சானைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவின் விரல் இருந்த இடத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எல்யோரப்பா, மரம் எங்க?"

"வித்துட்டேன்."

"எப்ப?"

"இலை உதிர்ந்தப்ப."

"அவன் எதுல வீடு கட்டுவான்?"

அப்பா பையைக் கீழே வைத்தார். "அவனுக்கு அங்க வீடு இருக்கு. பொண்டாட்டி இருக்கா. நடக்கற வயசுல ஒரு பொண்ணும் இருக்கு. இலையுதிர் காலத்துல எங்கிட்ட மட்டும் சொன்னான். மரத்தை எனக்காக வைக்காதீங்கன்னான். கோபத்துல மறுநாளே ஆளைக் கூட்டிட்டுப் போய் வெட்டிட்டேன்."

அம்மா கையிலிருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டே இருந்தது.

"அதுக்கப்புறம்தானே நாங்க பொண்ணு பார்த்தோம்" என்றாள். "நீங்களும்தானே வந்தீங்க. உங்க கையாலதானே ரொட்டியை உடைச்சீங்க?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அவனும் வர்றேன்னான். வந்து ஹுல்கரைப் பார்த்தா மனசு மாறிடும்னு…"

"யாரு மனசு? அந்தக் குழந்தை மனசா?"

அப்பா தப்சான் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். முழு பாரமும் ஒரே மூலையில் விழுந்தது. மரத்திலிருந்து சிறு முனகல்கூட எழவில்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன், கவனித்ததற்காக வெட்கப்பட்டேன்.

"வெள்ளிக்கிழமை கழியட்டும்" என்றார் தரையைப் பார்த்தபடி. "வந்து சாப்பிட்டுப் போகட்டும். அப்புறம் மெதுவா ஏதாவது சொல்லிக்கலாம்."

அம்மா தயங்குகிறாள் என்று தெரிந்தது. நான் இந்த வீட்டில் இறுதிச் சொல் சொல்பவள் அல்ல. சொல்லத்தான் வேண்டுமா என்று பலமுறை யோசித்த பிறகே வாயைத் திறப்பேன்.

"அப்பா, அவ அண்ணனுக்குச் சட்டை தைக்கிறா" என்றேன். "தோள் அளவு நான்தான் குடுத்தேன். இன்னைக்குச் சாயங்காலம் என் பக்கத்துல உக்காந்து சட்டைக் கையை வெட்டுவா. நான் என்ன பண்ணட்டும்? கத்தரிக்கோலை எடுத்துக் குடுக்கட்டுமா?"

அம்மா உள்ளே போனாள். மாடத்திலிருந்த துணிமூட்டையுடன் வந்து அதை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"நீங்க உடைச்சது. நீங்களே தூக்கிட்டு வாங்க."

"நான் என்ன முகத்தோட…"

"இருக்கற முகத்தோட வாங்க. போயிட்டு வந்து எல்யோர்கிட்ட நான் பேசறேன். வரும்போது பொண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிட்டு வரச் சொல்றேன். ஆனா முதல்ல இது."

மூவரும் நடந்தோம். தெரு முழுக்க முசுக்கொட்டைப் பழம் உதிர்ந்து செருப்பில் ஒட்டியது. ஹுல்கருக்கு மாப்பிள்ளையையும் வெள்ளிக்கிழமைக்குத் தப்சானையும் நான்தான் தேர்ந்தேன். இரண்டிலும் எல்லாப் பக்கமும் பார்த்ததாகத்தான் நினைத்தேன். பைன் மரத்தையே வாங்கியிருந்தால் வெள்ளிக்கிழமை எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்து சிரித்திருப்போம். அப்படி நடக்காமல் போனது நல்லதா என்று அந்த வாசலுக்குப் போய்ச் சேரும்வரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்பா கதவைத் தட்டினார்.

ஹுல்கர்தான் திறந்தாள். கழுத்தில் அளவு நாடா, விரலில் நூல் துணுக்கு. "என்னடி, வகுப்புக்கு ஊர்வலமா வந்திருக்கே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு அப்பாவின் கையிலிருந்ததைப் பார்த்தாள்.