நூற்று எண்பத்தாறு சமையல் புத்தகங்களும் ஒரு காலிக் கட்டமும்

1

இந்தக் கதை திருட்டில் பிறந்தது. யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு சமையல் புத்தகம் வாங்கினேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில், பட்டாணி வேகவைக்கும் முறைக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘இரண்டாவது தடவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.’

அந்த ‘அவர்’ யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். தெரியாததால் கதை எழுதுகிறேன். எழுத்தாளர்களின் வீரம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: ‘புத்தக அலமாரியின் முன்னால் நின்றபோது அவருக்குத் தன் வாழ்க்கையே ஒரு—’

(வேண்டாம். ‘வாழ்க்கையே ஒரு’ என்று கிளம்பும் வாக்கியம் எங்கே போய் இறங்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்: ‘அடுப்பிலிருந்து எழுந்த மணம் அவரை—’

(இவர் அடுப்புப் பக்கம் போன ஆளே இல்லை. எந்த மணமும் இவரை எங்கேயும் இழுத்ததில்லை.)

மூன்றாவது: அலுவலகத்தில் அவருக்குப் ‘பிழையில்லாதவர்’ என்று பெயர்.

இது இருக்கட்டும். நீதிமன்றத்தின் நகல் பிரிவில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவர் அவர். ஒரு எழுத்து மாறியதில்லை. புதிதாக வந்தவர்கள் ரகசியம் கேட்டால் ஒரே பதில்தான்: “படிக்கக் கூடாது. படிச்சா பிழை வரும்.” கண் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மனசு என்ற தொந்தரவு கிடையாது. ஆயிரக்கணக்கான குடும்ப வழக்குகளை நகல் எடுத்திருக்கிறார். அவற்றில் யார் யாரை விட்டுப் போனார்கள் என்று ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.*

* இப்படி ஒரு ஆள் இருப்பாரா என்று சந்தேகப்படுகிறீர்கள். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் நேற்று ஒரு படிவத்தில் ‘நிபந்தனைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இடத்தில் டிக் போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

3

ஓய்வு பெற்ற மறுநாளே அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து மனைவியின் சமையல் புத்தகங்களில் கண்ணைப் பதித்தார். மொத்தம் நூற்று எண்பத்தாறு.

மனைவி தையல்காரர். முன்னறையில் மெஷின், பக்கத்தில் துணி மூட்டை, சுவர் முழுக்கச் சமையல் புத்தகம். இருபத்தொன்பது வருடமாகத் தைத்து, சமைத்து, படித்து, பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வந்தவர். இனி அவரைத் தையல்காரம்மா என்றே சொல்கிறேன். (மனைவி, மனைவி என்று எழுதினால் அந்த ஆளின் உடைமைப் பட்டியல் மாதிரி இருக்கிறது.)

இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. உங்களிடம் உள்ள சமையல் புத்தகங்களின் பெயர்களை அதில் பதிந்துவிட்டால் போதும். ‘கேரட்’ என்று தேடினால் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் கேரட் வருகிறது என்று சொல்லிவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ‘உங்கள் குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. காலியாகவும் விடலாம்.

விடலாம்தான். ஆனால் முப்பத்தொரு வருடம் படிவத்தில் காலிக் கட்டம் விட்டறியாதவர் நம்மவர். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரத்தில் இருந்த பென்சில் வரிகளையெல்லாம் அந்தக் கட்டங்களில் ஏற்றினார். எட்டு மாதம். இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு குறிப்புகள். பிழை பூஜ்யம். படித்ததும் பூஜ்யம்.

4

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தையல்காரம்மாவை அழைத்துக் கணினி முன்னால் உட்காரவைத்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

“என்ன வேணும் சொல்லு. ஒரு நொடியில எடுத்துத் தரேன்.”

“பூசணி” என்றார் தையல்காரம்மா.

பதினொரு புத்தகங்கள் வந்து நின்றன. முதலாவதன் கீழே, அச்சு எழுத்தில், அவர் பென்சிலால் எழுதிய வரியே இருந்தது: ‘பூசணி சூப். அவருக்கு ஜுரம். வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். சுடவைத்து மறுபடி கொடுத்தேன்.’ அதற்குக் கீழே தளம் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தது: ‘இந்தக் குறிப்பு 14 பேருக்குப் பயன்பட்டது.’

“இது என்ன?”

“உன் குறிப்புதான். ஒண்ணு விடாம ஏத்திட்டேன்.”

“படிச்சீங்களா?”

“படிச்சா பிழை வரும்.”

“பதினாலு பேர்னு போட்டிருக்கே, அது யாரு?”

“யார் வேணா பார்க்கலாம். நாலு பேருக்கு உதவட்டுமேன்னு பொதுவா வச்சிருக்கேன்.”

தையல்காரம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ‘நல்லா இருக்கு’ என்று தேடினார். ஒன்றும் இல்லை. ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்று தேடினார். அறுநூற்றுப் பதினேழு. இருபத்தொன்பது வருடத்தில் அங்கொரு நாள் இங்கொரு நாளாகச் சிதறிக் கிடந்ததை முதல் தடவையாக ஒரே இடத்தில் பார்த்தார். கீழே போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது.

“யாரும் பார்க்காதபடி இதை மூடுங்க” என்றார். நம்மவர் இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டார். சொன்னதைச் செய்வதில் அவரிடம் குறையே சொல்ல முடியாது.

தையல்காரம்மா மெஷினில் பாதியில் நின்ற சட்டைக் கையைத் தைத்து முடித்தார். நூலைக் கத்தரித்தார். ஒரு பையில் நாலு துணி எடுத்து வைத்தார்.

“தங்கச்சி வீட்டுக்குப் போறேன். நீங்க அடிச்சு வச்சதை நீங்களே ஒரு தடவை படிங்க. படிச்சிட்டு எனக்குப் பிடிச்சது ஏதாவது ஒண்ணு செஞ்சு வைங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன். சரியா இருந்தா பையை உள்ள கொண்டுவந்து வைப்பேன். இல்லேன்னா வாசலோட திரும்பிடுவேன்.”

5

இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. இப்படி ஒரு மரமண்டையை வைத்துக்கொண்டு எப்படிக் கதையை நகர்த்துவது? அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபம். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்தார். ‘உப்பு கம்மி’ என்பதைக்கூட ஒரு தகவலாகத்தான் சொன்னார். இப்படிப்பட்டவர்களைத் திட்டுவதற்கு வசதியான வார்த்தை மொழியில் இல்லை. அதனால்தான் பென்சில் தேவைப்படுகிறது.

6

‘படிங்க’ என்று தையல்காரம்மா சொல்லிவிட்டுப் போனார் அல்லவா? நம்மவர் படிக்கவில்லை. தேடினார்.

‘பிடிச்சது’ என்று அடித்தார். நானூற்று ஐம்பத்திரண்டு. மூக்கு வியர்த்தது. பார்த்தால் எல்லாம் ‘அவருக்குப் பிடிச்சது’, ‘மகளுக்குப் பிடிச்சது’, ‘அவர் ஆபீஸிலிருந்து வந்தவருக்குப் பிடிச்சது’.

‘எனக்கு’ என்று அடித்தார். ஒன்பது. அவற்றை மட்டும் நான் அப்படியே நகல் எடுக்கிறேன்:

‘எனக்குத் தலைவலி. இருந்தாலும் கேக் செய்தேன்.’ ‘எனக்கு மிச்சம் இல்லை.’ ‘எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இருந்தது மூன்று துண்டுதான்.’ ‘எனக்கு மிச்சம் இல்லை.’ ‘எனக்கு—’

(போதும். மீதி ஐந்தும் இதே ஜாதகம்தான்.)

மகளுக்குப் போன் போட்டார். அவள் வேறு ஊரில் பல் மருத்துவர்.

“ஏம்மா, உங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்?”

“அம்மாவுக்கா? அம்மா எல்லாம் சாப்பிடுவாங்களேப்பா.”

“ஒண்ணு சொல்லு. குறிப்பா.”

“எலுமிச்சை கேக்... இல்லை, அது எனக்குப் பிடிக்கும்னு செய்வாங்க. அப்பா, பேஷண்ட் காத்திருக்காங்க. அப்புறம் கூப்பிடறேன்.”

கூப்பிடவில்லை. மகளை நான் குற்றம் சொல்லப் போவதில்லை. இந்தக் கதையைப் படிக்கிற எத்தனை பேர் இந்த நிமிடம் தங்கள் அம்மாவுக்குப் பிடித்த பண்டம் எதுவென்று யோசித்துவிட்டு, வேறு எதையோ நினைத்துக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

7

இங்கே இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் அவர் ஏதோ ஒரு கேக் செய்து கருக்கிவிடுகிறார், தையல்காரம்மா கருகிய கேக்கைப் பார்த்து உருகிவிடுகிறார். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இருபத்தொன்பது வருடத்தை ஒரு கருகிய கேக்கில் பூசி மெழுகுவதா? கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் தையல்காரம்மா வரவே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தையல்காரம்மா சொன்ன சொல் தவறாதவர், நாலு மணி என்றால் வந்துவிடுவார். அதையும் கிழித்தேன்.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை காலையில் நம்மவர் படிக்க உட்கார்ந்தார்.

முதல் குறிப்பிலிருந்து. பழக்கமில்லாத வேலை என்பதால் விரலை வைத்துப் படித்தார். ‘அவர் ஒன்றும் சொல்லவில்லை’ வரும்போதெல்லாம் அன்று என்ன நினைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைத்திருக்கவில்லை. நூறாவது குறிப்பில் எழுந்து தண்ணீர் குடித்தார். எழுநூறாவதில் அவருக்கு அவரையே பிடிக்காமல் போனது. இதை அலங்காரம் செய்து சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் குறிப்பும் முடிந்தது. தையல்காரம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று அதிலும் இல்லை. ஆனால் நகல் பிரிவுக்காரருக்கு ஒரு புத்தி உண்டு. காகிதக் கட்டுக்குள் ஒரு பக்க எண் விட்டுப்போயிருந்தால் அங்கே கண் நின்றுவிடும். நூற்று எண்பத்தைந்து புத்தகங்களுக்குக் குறிப்பு இருந்தது. ஒன்றுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ‘ஒரு தட்டு: தனியாகச் சாப்பிடுபவருக்கான சமையல்.’

வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து அலமாரியிலிருந்து எடுத்தார். கையில் வைத்ததும் புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது. அந்தப் பக்கம் முழுக்க வெண்ணெய்க் கறை, காகிதத்தின் மறுபக்கம் தெரியும் அளவுக்கு. ஓரம் மிளகுத்தூள் ஒட்டிப் பழுப்பேறியிருந்தது. நூறு தடவையாவது அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து கிடந்திருக்க வேண்டும்.

காளான் சூப். ஒருவருக்கு.

காளான் வாசனை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்று கல்யாணமான புதிதில் அவர் சொல்லியிருந்தார். சொன்னது அவருக்கே மறந்துவிட்டது. அவர் அலுவலகம் போனபின், மகள் பள்ளிக்கூடம் போனபின், மெஷினை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு கிண்ணம். எழுதிவைக்கவும் தேவைப்படாத ஒரு கிண்ணம்.

8

சனிக்கிழமை காலையில் போய்க் காளான் வாங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினார். புத்தகத்தில் ‘ஒரு சிட்டிகை உப்பு’ என்று இருந்ததைப் பார்த்துப் பத்து நிமிடம் தவித்தார். சிட்டிகை என்றால் யாருடைய சிட்டிகை என்று போடவில்லை. மற்றபடி வரிக்கு வரி செய்தார்.

நாலு மணிக்குத் தையல்காரம்மா வந்தார். பையை வாசலிலேயே வைத்தார். வாசனை அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

“உங்களுக்கு?”

“ஒருத்தருக்குத்தான் அளவு போட்டிருக்கு. அப்படியே செஞ்சேன்.”

ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். இன்னொரு கரண்டி. முகத்தில் என்ன ஓடியது என்று எழுத இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“படிச்சேன். எல்லாத்தையும். அதுல இல்லை. கறை இருந்த பக்கத்தைப் பார்த்தேன்.”

கரண்டி நின்றது.

“அதையும் பார்த்துட்டீங்களா” என்றார் தையல்காரம்மா. குரலில் கோபம் இல்லை. “அது ஒண்ணுதாங்க யாருக்கும் தெரியாம எனக்குன்னு இருந்தது.”

அவர் அசடு வழிய நின்றார். சரியாகச் செய்ததற்கும் தண்டனை உண்டு என்று எந்த நகலிலும் அவர் படித்ததில்லை. எதையும் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

தையல்காரம்மா மூலையில் இருந்த கணினியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“இதையும் அதுல ஏத்திட்டீங்களா?”

9

அவர் வாயைத் திறக்கிறார்.

என் வேலை இங்கே முடிந்தது. பை வாசலில் இருக்கிறது. ஒரே வார்த்தைதான் பாக்கி, அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆமாம்’ என்று எழுதினால் தையல்காரம்மா எழுந்து பையை எடுத்துக்கொள்வார். அதற்கு உங்கள் உதவி தேவையில்லை.

‘இல்லை’ என்று எழுத ஆசைப்பட்டால் ஒரு நிபந்தனை. அது பொய்யாக இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்று எண்பத்தாறில் காலியாக இருந்த ஒரே கட்டத்தின் முன்னால் அவர் உட்கார்ந்து, விரல்களை மடக்கிக்கொண்டு, ஒன்றும் அடிக்காமல் எழுந்து போன அந்த நிமிடத்தையும் நீங்களேதான் எழுத வேண்டும். நம்பும்படியாக.

நான் நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் அவர் அடித்துவிட்டார்.