சொந்தம் வேறு, டிரைவர் வேறு

படம் வரையும் பலகை ஒன்றைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க அவள் டிரைவர் என்ற ஒரு சிறு நிரலை எழுதினாள். அதை, கம்ப்யூட்டரை இயக்கும் மைய நிரலான, எல்லோருக்கும் பொதுவான கெர்னலில் சேர்க்க ஆசைப்பட்டாள். சேர்க்கலாமா என்று முடிவு செய்பவர் அவளுடைய அக்கா கணவர். சொந்தம் வேறு, வேலை வேறு என்பவர். முதலில் வரிகளுக்கு முன் இடைவெளி சரியில்லை என்றார். திருத்தி அனுப்பியதும், "இந்தப் பலகையை யாரு வாங்குவாங்க?" என்று திருப்பிவிட்டார்.

அவள் வாதாடவில்லை. புத்தகங்களுக்குப் படம் வரையும் அக்காவுக்குக் கல்யாண நாள் பரிசாக அதே பலகையை வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாளே அத்தான் போன் செய்தார். "பலகை வேலை செய்யலைன்னு உங்க அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்றா. டிரைவரை அனுப்பு, வீட்டு கம்ப்யூட்டர்ல மட்டும் நானே போட்டுக்கிறேன்."

"போடுங்க அத்தான். ஆனா கெர்னல்ல சேர்க்காம தனியா போட்டா, கெர்னல் மாறும்போதெல்லாம் அது படுத்துக்கும். நீங்கதான் எழுப்பணும்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு வரி வரியாகப் படித்து, பலகையின் வயரைப் பிடுங்கினால் கம்ப்யூட்டரே உறைந்துபோகும் என்று நிஜமாகவே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபேச்சில்லாமல் திருத்தினாள்.

டிரைவர் கெர்னலில் ஏறியது. அதோடு சேர்ந்த குறிப்பில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அன்று சாயங்காலம் அக்கா அந்தப் பலகையில் வரைந்து அனுப்பிய படத்தில், அத்தானின் இரண்டு காதிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.